மச்சான் விற்ற வேனும் சவர்க்காரம் அடைத்த டேங்க்கும்

கொஞ்ச நாளாக வேனுக்குள் பெட்ரோல் வாடை. இன்று பதுளையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக் நானா பிளாஸ்டிக் டேங்க்கைக் கழற்றிப் புரட்டினார். அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. ஒழுகாமலிருக்க அதில் சவர்க்காரத்தை, அதுதான் சோப்புக்கட்டியை, அடைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தது.

"இது உங்க வேலையா தம்பி?"

"இல்ல நானா. தீவாளிக்குப் பிறகுதான் வாங்கினேன்."

"அப்ப வித்தவருக்குத் தெரியும். இனி ஒட்டினாலும் நிக்காது, வேற டேங்க் போடுங்க."

விற்றவர் என் மனைவியின் அண்ணன். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளை தினமும் அந்த வேனில்தான் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறேன். ஒரு தீப்பொறி போதும், வேனே பற்றிக்கொள்ளும்.

அங்கிருந்தே அவருக்கு போன் எடுத்தேன்.

"மச்சான், டேங்க் வெடிச்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா மாப்ள?"

போனை வைத்த பிறகுதான் இன்னொன்று விளங்கியது. அதே பள்ளிக்கூடத்தில் படிக்கும் அவருடைய மகள் மட்டும் என் வேனில் வருவதில்லை. வாந்தி வரும் என்று சொல்லி பஸ்ஸில் அனுப்புகிறார்.

நாளைக்கு வேற டேங்க் போடுகிறோம். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் விருந்து, எங்களையும் கூப்பிட்டிருக்கிறார்.

போகவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.