முருங்கைக் கீரை போட்ட சுறாப் புட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் ‘வேலையைப் பாருங்கப்பா’ என்று எழுந்து போகிறவள் நான். நர்ஸ் வேலையில் எத்தனையோ சாவு பார்த்தாயிற்று, ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பங்களில் வயதானவர்களை எடை பார்ப்பது, கையை டேப் வைத்து அளப்பது, நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுவது, இதுதான் என் வேலை. கடைசிக் கேள்விக்கு மட்டும் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பட்டினி கிடந்தாலும், மருமகளுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று ‘மீன் கொழம்பு, ரெண்டு தட்டு’ என்பார்கள். நான் நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்துவிடுவேன். திட்டுவார்கள், திட்டட்டும்.

என் அம்மாவும் அப்படித்தான். சிதம்பரத்தில் தனியாக இருந்தாள். போனில் கேட்டால், “சாப்ட்டேன்டி, நீ சாப்ட்டியா?” என்பாள். ஊரையெல்லாம் எடை பார்த்த நான் அவளை ஒரு நாளும் பார்க்கவில்லை. போன வருஷம் போய்விட்டாள். குளிப்பாட்டத் தூக்கியபோதுதான் தெரிந்தது, வெறும் எலும்பு. பாவி நான்.

நான் போகும் குப்பம் ஒன்றில் இருக்கும் சிங்காரம் தாத்தாவும் தனிக்கட்டை, இரண்டு கண்ணிலும் புரை. மாதா மாதம் இளைத்துக்கொண்டே வந்தார். இன்னும் ஒரு கிலோ குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவேன் என்று சொல்லியிருந்தேன்.

“அங்க போனா பொணமாத்தான் வருவேன் நர்சம்மா. கடல் சத்தம் கேக்காம எனக்குத் தூக்கமே வராது” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் போனால், நம்பினால் நம்புங்கள், இரண்டு கிலோ கூடியிருக்கிறார். மெஷின் கோளாறோ என்று நானே ஏறி நின்று பார்த்தேன், சரியாகத்தான் காட்டியது. அடுப்படியில் சட்டி காய்ந்து கிடந்தது.

“நேத்து என்ன தாத்தா சாப்ட்டீங்க?”

“சுறாப் புட்டு. முருங்கக் கீர போட்டு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுறாப் புட்டில் யார் முருங்கைக் கீரை போடுவார்கள்? என் அம்மா போடுவாள். மீன் ஒரு துண்டு, பிள்ளைகள் ஐந்து பேர், கீரையை உருவிப் போட்டுச் சட்டியை நிறைத்துவிடுவாள். பூண்டு வாசனை தெருமுனைக்கே வரும், பள்ளிக்கூடப் பையை வீசிவிட்டு ஓடுவோம். அந்த ருசிக்கு இன்னமும் நாக்கு ஏங்குகிறது.

“யாரு குடுத்தாங்க?”

“தெரியலம்மா. ஒரு அம்மா மத்தியானத்துல வருது. கொரலு மட்டுந்தான் தெரியும். பக்கத்துல குந்திகினு, இன்னும் ஒரு வாய்னு சொல்லிக்கினே இருக்கும்.”

அக்கம்பக்கத்தில் கேட்டேன். அப்படி யாரும் வருவதைப் பார்த்ததில்லை என்றார்கள்.

“நர்சம்மா வந்து எட பாக்கும்னு சொன்னேன்” என்றார் தாத்தா. “சிரிச்சிது. ‘எல்லாரையும் பாக்குறா, என்னத்தான் பாக்கல’ன்னுச்சு. கோவமாலாம் இல்ல.”

மறுநாளிலிருந்து மூன்று மத்தியானம் லீவு போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ‘அம்மா’ என்று வாய்விட்டுக் கூப்பிட்டும் பார்த்தேன். யாரும் வரவில்லை. நான் ஆக்கிக்கொண்டு போன சோற்றைத் தாத்தா இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. நான்காம் நாள் நான் போகவில்லை. அன்றைக்கு வந்தாளாம்.

இப்போதும் தாத்தா நன்றாகத்தான் இருக்கிறார். நான் காலையிலேயே எடை பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் அந்தத் தெருவை விட்டு வந்துவிடுகிறேன். நான் இருந்தால் அவருக்குச் சோறு கிடைக்காது.