அடுத்தவர் காற்றுக்கு மன்னிப்புக் கேட்டவள்

ஜப்பானின் பழைய எடோ நகரத்துப் பெரிய வீட்டுப் பெண்களுக்கு வயிறு என்ற உறுப்பு கிடையாது. பசிக்காது, பொருமாது, ஏப்பம் வராது. அதையும் மீறி அவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டுவிட்டால், அது அருகிலிருக்கும் மொட்டைத்தலைப் பிக்குணியுடையதாகத்தான் இருக்கவேண்டும். அதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒருத்தியை வைத்திருந்தார்கள். நிஹோன்பாஷியில் மசுயா ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் அந்த வேலையைப் பார்த்தவள் மியோசெய்.

அவள் ஒரு வாளி செய்பவனின் மனைவியாக இருந்தவள். புருஷன் காய்ச்சலில் போனதும் மைத்துனன் குடும்பத்தோடு வந்து அழுதான். அழுது முடித்தபின் வீட்டைவிட்டுப் போகவில்லை. இடம் போதாமல் வெளியேறியவள் மியோசெய்தான். தலையை மழித்துக்கொண்டாள். பக்தி முற்றியதால் அல்ல. மழித்த தலையைக் கண்டால் எந்த வாசலிலும் ஒரு கிண்ணம் கஞ்சி கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

மசுயா வீட்டில் அவளை வேலைக்கு எடுத்த அன்று முதலாளியம்மா விஷயத்துக்கு வர ரொம்ப நேரம் பிடித்தது.

"எங்க பொண்ணு ஒகினுவுக்குத் துணையா இருக்கணும். கோயிலுக்கு, நாடகத்துக்கு, நாலு பேர் வர்ற இடத்துக்கு. சில நேரம்... என்ன சொல்றது... வசந்த காலத்து மேகம் லேசா உறுமுற மாதிரி..."

"இடியா அம்மா?"

"இடி இல்ல. அதைவிடச் சின்னது. உள்ளேயிருந்து வர்றது."

மியோசெய் யோசித்தாள். "குசுவா?"

முதலாளியம்மா விசிறியால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கே ஒரு புது அங்கி கொடுத்துவிட்டாள்.

வேலை கஷ்டமில்லை. சத்தம் வந்தவுடன் பாயில் நெற்றி பட விழுந்து, "மன்னிக்கணும், நான்தான். வயசாயிடுச்சு" என்று சொல்லவேண்டும். எவரும் திரும்பிப் பார்ப்பதற்குள் சொல்லிவிடவேண்டும். அவ்வளவுதான். ஒகினு பதினாறு வயதில் பொம்மைபோல இருப்பாள். சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்றால் உயிரை விடுவாள். பழியை ஏற்க ஆள் வந்தபிறகு, இருந்த கொஞ்ச அடக்கத்தையும் அவள் விட்டுவிட்டாள். போதாக்குறைக்கு, மியோசெய் மன்னிப்புக் கேட்டு முடித்ததும் தன் பட்டு அங்கியின் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, என்ன மியோசெய் இது! மனுஷங்க இருக்கிற இடம்!" என்று கண்டிக்கவும் கற்றுக்கொண்டாள்.

முதல் தடவை அப்படிச் சொன்னபோது மியோசெய்க்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வீடு திரும்பும் வழியில் ஒகினு அவள் கையில் பாதிக் கிழங்கைத் திணித்தாள்.

"கோவமா? நான் திட்டலைன்னா எல்லாரும் சந்தேகப்படுவாங்கல்ல. நடிப்பு நல்லாயிருந்துச்சா?"

"மூக்கைப் பொத்துற வரைக்கும் நல்லாயிருந்துச்சு. அதுக்கப்புறம் கொஞ்சம் அதிகம்."

ஒகினு சிரித்தாள். அடுத்த வாரமும் மூக்கைப் பொத்தினாள்.

பதினேழில் பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஃபுகாகாவாவில் எண்ணெய் மண்டி. தற்செயலாகச் சந்திப்பதுபோல, இரண்டு குடும்பமும் தரகரும் ஷினோபாசு குளக்கரைத் தேநீர் விடுதியின் மாடியில் சந்தித்தார்கள். தற்செயல் என்பதால் எல்லோரும் இருப்பதில் விலை உயர்ந்த உடையில் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சென்சாபுரோ குளத்துத் தாமரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாய் ஒசெகி, பிரசவத்திலும் முனகியிருக்கமாட்டாள் என்று தோன்றும்படி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ஒகினுவைக் காலையிலிருந்து பட்டினி போட்டிருந்தார்கள்.

தரகர் இரு வீட்டாரின் முன்னோர்களைப் புகழ்ந்து மூச்சு வாங்கிய இடைவெளியில் அந்தச் சத்தம் வந்தது. நீளமாக, முடிவில் ஒரு கேள்விபோல உயர்ந்து வந்தது.

ஒகினு மியோசெய்யைப் பார்த்தாள். 'சத்தியமா நான் இல்ல' என்றன கண்கள். அது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தது. ஒசெகியின் முகத்தில் சிலைக்கு அடித்ததுபோன்ற வெள்ளைப் பூச்சைத் தவிர வேறு நிறமே இல்லை. அந்தப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்க ஒரு ஆளும் இல்லை. தரகர் திடீரென்று தன் தேநீர்க் கிண்ணத்தின் அடிப்பாகத்தை ஆராயத் தொடங்கினார்.

மியோசெய்க்கு யோசிக்க நேரமில்லை. பழக்கம் அவளைத் தள்ளியது. அறையின் குறுக்கே தவழ்ந்துபோய், ஒசெகியின் முழங்காலுக்கு முன்னால் நெற்றியைப் பாயில் வைத்தாள்.

"மன்னிக்கணும். நான்தான். வயசாயிடுச்சு."

"சீ, என்ன மியோசெய் இது!" என்றாள் ஒகினு, நூல் பிசகாமல்.

ஒசெகி மெதுவாக மூச்சுவிட்டாள். வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பெண்ணை நேராகப் பார்த்தாள். "பொண்ணு நல்ல பொண்ணு. எங்களுக்குச் சம்மதம்" என்றவள், விசிறியை மடித்துக்கொண்டே கேட்டாள்: "இந்தப் பிக்குணியம்மாவும் கூட வருவாங்கல்ல?"

ஜாதகப் பொருத்தம்தான் இதைச் சாதித்தது என்று தரகர் சாகும்வரை சொல்லித்திரிந்தார்.

எண்ணெய் மண்டி வீட்டில் மியோசெய்க்கு வேலை இரட்டிப்பானது. மருமகளுக்கும் அவள்தான், மாமியாருக்கும் அவள்தான். ஒரே அறையில் இருவரும் இருந்தால் அவள் நெற்றி பாயைவிட்டு எழ நேரமிருக்காது. மாமனாருக்குக் காது மந்தம் என்பதால் அவர் யாருடைய உதவியும் கேட்கவில்லை, யாரையும் தொந்தரவு செய்ததாகவும் நினைக்கவில்லை. ஒசெகிக்கு அவள்மேல் தனிப் பிரியம் வந்தது. அண்டை வீட்டு அம்மாக்கள் பொறாமைப்பட்டார்கள். சிலர் தாங்களும் பிக்குணி தேடினார்கள்.

அதுதான் வினையாகப் போயிற்று. மியோசெய்யின் பெயர் பரவப் பரவ, அவள் சொல்லுக்கு மதிப்புக் குறைந்தது. அவள் விழுந்து "நான்தான்" என்றதும், விருந்தாளிகள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நேராக ஒசெகியைப் பார்த்தார்கள். முன்பு சத்தம் வந்தால்தான் சந்தேகம் வரும். இப்போது பிக்குணி உள்ளே நுழைந்தாலே, இந்த வீட்டில் சத்தம் உண்டு என்று அறிவித்த மாதிரி ஆயிற்று.

அந்த வருஷம் ஒசெகியின் காலஞ்சென்ற மாமனாருக்கு நினைவுநாள் வந்தது. கோயிலிலிருந்து தலைமைச் சாமியார் வந்து சூத்திரம் ஓதினார். எண்ணெய் வியாபாரிகள் வரிசையாகக் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். மியோசெய் முந்தின ராத்திரி சமையற்கட்டில் முள்ளங்கி ஊறுகாயை ஆசைப்பட்டுக் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டிருந்தாள். சாமியார் மணியடித்து நிறுத்திய நிசப்தத்தில் அவளுக்கே அது நிகழ்ந்துவிட்டது. சாதாரணமானதல்ல. ஊதுவத்திப் புகையே ஒரு பக்கம் சாய்ந்தது.

"மன்னிக்கணும்!" என்றாள் மியோசெய், காது வரை சிவந்து. "நான்தான்! நிஜமாவே நான்தான்!"

வியாபாரிகள் ஒசெகியைப் பார்த்தார்கள். 'நிஜமாவே' என்ற சொல்லைக் கேட்டபிறகு சந்தேகம் வைத்திருந்தவர்களுக்கும் தெளிந்துவிட்டது.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாவமும் அறியாத ஒசெகி, பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "நீதான்னு சொல்லு!"

"அதைத்தானே அம்மா சொல்றேன்!"

"நம்புற மாதிரி சொல்லு!"

"இதுக்கு மேல எப்படிச் சொல்றது? முள்ளங்கி சாப்பிட்டேன் அம்மா, நான்தான், சத்தியம்!"

சாமியார் கருணையோடு திரும்பினார். "ஒசெகி அம்மா, மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. எல்லா உடம்பும் ஒண்ணுதான். பாவம், அந்த ஏழைப் பொம்பளையை விட்டுடுங்க."

ஒசெகி மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் மியோசெய்யை அனுப்பிவிட்டாள். "உன்மேல குறையில்ல. ஆனா நீ இருக்கிற வரைக்கும் நான் யோக்கியமா இருந்து ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றாள். அதில் நியாயம் இருப்பதாகவே மியோசெய்க்கும் பட்டது. ஒகினு வாசல் வரை வந்தாள். அழுதாள். அழுதது பிரிவுக்கா, இனி தன் நிலைமை என்னாகும் என்பதற்கா என்று மியோசெய் கேட்கவில்லை.

வேறு இரண்டு வீட்டார் ஆள் அனுப்பினார்கள். அவள் போகவில்லை. மழிப்பதை நிறுத்தினாள். முடி வெள்ளையாக, ஆனால் எதிர்பார்த்ததைவிட அடர்த்தியாக வளர்ந்தது. முகோஜிமாவில் படகுத்துறைக்குப் பக்கத்தில், ஒரு விதவை நடத்திய தேநீர்க் கடையில் அரிசி உருண்டை உருட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே வருபவர்கள் படகோட்டிகள். சத்தமாகப் பேசி, சத்தமாகச் சாப்பிட்டு, மற்றதையும் சத்தமாகவே செய்தார்கள்.

ஒரு மழை நாளில் கொன்ரோகு என்ற படகோட்டி மட்டும் கடையில் இருந்தான். குனிந்து செருப்பு வாரைக் கட்டும்போது அவனிடமிருந்து ஒன்று தப்பிவிட்டது. மியோசெய்யின் முழங்கால்கள் தாமாகவே மடங்கின. அதற்குள் அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "மன்னிச்சுக்கங்க அம்மா, நான்தான்" என்றான்.

மியோசெய் கடையைச் சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"யாருக்காகச் சொல்றீங்க?"

"யாருக்காகவா? எனக்காகத்தான். இங்க வேற யாரு இருக்கா?"

மியோசெய் அவன் தட்டில் கேட்காமலே இன்னும் இரண்டு உருண்டை வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.