உப்பில் செத்த தேரைகள்

மகளுக்கு வாங்கிய ஷூ பெட்டியைத் திறந்ததும் அடித்த தோல் வாடை என்னை வாணியம்பாடிக்கு, எங்கள் வீட்டுப் பின்பக்கக் குட்டைக்கு இழுத்துப் போனது. தொண்ணூறுகளில் முதல் மழை விழுந்ததுமே தேரைகள் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பி வந்து விடிய விடியக் கத்தும். பக்கத்திலிருந்த தோல் பதனிடும் டேனரியில் அப்பாவும் மற்றவர்களும், பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவி வந்த உப்பைத் தட்டியெடுத்துக் குட்டைக் கரையில்தான் கொட்டினார்கள். மழை அதைக் கரைத்து உள்ளே இறக்கியது, தோலாலேயே தண்ணீர் குடிக்கிற தேரைகள் வயிறு மேலாக மிதந்தன. அடுத்த மழைக்குச் சத்தமே இல்லை.

“பேஜார் விட்டுது, இனிமே நிம்மதியா தூங்கலாம்” என்றார் அப்பா.

நேற்று போனில் அவரே, “மழ முன்ன மாதிரி இல்ல, தேரைங்களுக்கு ஏதோ நோயாம், டிவியில சொன்னான்” என்று வாய் கூசாமல் வருத்தப்பட்டார்.

மழை தப்பியதும் நிஜம், நோயும் நிஜம்தான் அப்பா. ஆனால் அதெல்லாம் வந்தபோது சாவதற்கு நம் குட்டையில் ஒரு தேரைகூட மிச்சமில்லை.