எக்ஸாஸ்ட் வலையில் ஒரு சிவப்புத் துணி

எங்கள் வீட்டுச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் வலையில் சிவப்புத் துணித் துண்டு ஒன்று தொங்குகிறது. ஷூவுக்குள் வைத்துத் தைக்கும் லைனிங் துணி. ஃபேனைப் போட்டால் அது வலையோடு ஒட்டிக்கொள்ளும். புகை வெளியே போகிறது என்று அர்த்தம். கட்டியவள் என் மனைவி. எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் துவைத்துக் காயவைத்து மறுபடி கட்டுவாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் அது பாயின் வித்தை.

ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் பாய்தான் ஃபேன் மெக்கானிக். வாணியம்பாடியிலிருந்து காலை ரயிலில் வருவார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். நான் டிப்ளமோ முடித்த எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். சொல்யூஷன் தடவித் தோலை ஒட்டும் ஹாலில் என் மனைவியும் இன்னும் பல பெண்களும் இருந்தார்கள். அந்த வாடை மதியத்துக்குள் தலையைப் பிடித்துவிடும். அதை வெளியே தள்ளத்தான் சுவர் நெடுக ஆறு எக்ஸாஸ்ட். ஒவ்வொரு வலையிலும் பாய் துணித் துண்டைக் கட்டிவைத்து, "துணி ஒட்டலன்னா வேலய வுட்டுட்டு எழுந்துருங்கம்மா, என்னிய கூப்டுங்க" என்று சொல்லியிருந்தார். கூப்பிடுவார்கள். என்னை ஒருத்தியும் கூப்பிட்டதில்லை. வீட்டிலோ, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே மனைவி சொல்வாள்: "பாய் மாதிரி ஆளு கெடைக்கமாட்டாங்க." பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க இந்த வயதில் எனக்கு விருப்பமில்லை.

ஒரு கோடையில், வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் பையர் பார்வையிட வருகிறார் என்றார்கள். ஃபேன் லைனைப் புது சுவிட்ச் பேனலுக்கு மாற்றும் வேலையை ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகவே முடித்தேன். பாயைக் கூப்பிடவில்லை. கிளம்பும்போது, பையர் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, ஆறு துணியையும் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். கத்தரி ஓடிய அந்த இரண்டு நிமிடமும் சுகமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஹாலுக்குள் நுழைந்தால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "இன்னா சார் பண்ணீங்க? காத்து மூஞ்சில ஜம்முனு அடிக்குது!" பாய் அன்று அரைநாள் லீவு. அந்த ஹாலில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. எக்ஸாஸ்டிலிருந்து காற்று முகத்தில் அடிக்கலாமா என்று டிப்ளமோ படித்தவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்க மனம் வரவில்லை. இன்னும் இரண்டு முறை அந்தப் பக்கம் சும்மா நடந்துவிட்டு வந்தேன்.

சாப்பாட்டு மணி அடிக்குமுன் என் மனைவி மேஜைமேல் சாய்ந்து விழுந்தாள். பக்கத்தில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். அப்போதுதான் உள்ளே வந்த பாய், முதலில் எல்லோரையும் வெளியே மரத்தடிக்கு அனுப்பினார். பிறகு தரையில் கிடந்த லைனிங் துண்டு ஒன்றை எடுத்து வலைக்கு முன்னால் பிடித்தார். அது எங்களை நோக்கிப் பறந்தது. என் காதருகே வந்து, "உல்டா ஓடுது சார். ரெண்டு வயர மாத்திப் போடுங்க" என்றார். துணிகள் எங்கே என்று கேட்கவில்லை. மேனேஜரிடம், "பேனல்ல கோளாறு, சரியாயிடும்" என்று மட்டும் சொன்னார். மரத்தடியில் மனைவி கண்ணைத் திறந்ததும் தண்ணீர் கொடுத்தவரும் அவரே. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக அவரை வெறுத்திருப்பேன். அதற்கும் வழி விடவில்லை மனிதர்.

நாங்கள் வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. இன்று காலை சமையலறைத் துணியின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. நானே எடுத்துக் கட்டி ஃபேனைப் போட்டேன். ஒட்டிக்கொண்டது.

"பாய் கட்னா இன்னும் டைட்டா இருக்கும்" என்றாள் மனைவி.

சுருக்கென்றது. அந்த ஆத்திரத்திலேயே வாயிலிருந்து வந்துவிட்டது: "அன்னிக்கி அந்தத் துணியெல்லாம் வெட்டிப் போட்டது நான்தான்."

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும். ஞாயித்துக்கெழம நீங்க ஒருத்தர்தான போனீங்க. மறுநாள் சாயங்காலம் குப்பக்கூடையில பாத்தேன். இது அதுல ஒண்ணுதான்."