பாராவிங்கா, துடுப்பா

வலது தோள் இறுகிப்போய் எட்டு மாதம் நான் கடலுக்குப் போகவில்லை. தலை வாரவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது, துடுப்பு எங்கே போட? என் கணவர் மட்டும் தன் பேடில்போர்டைத் தூக்கிக்கொண்டு போவார். பலகைக்கு அடியில் ஒரு தண்டு, அதன் நுனியில் சின்ன இறக்கை. நின்றபடி வேகமாகத் துடுப்புப் போட்டு அலையைப் பிடித்துவிட்டால் பலகை தண்ணீரை விட்டு எழும்பிவிடும். பிறகு காற்று போகிற பக்கமே, அலை மாற்றி அலை ஏறிப் போய்க்கொண்டிருக்கலாம். அப்படி எழும்புகிற நொடிக்காக நான் ஏங்கிக் கிடந்தேன்.

துபாயில் இருக்கும் நாத்தனார் லீவுக்கு வரும்போது எனக்கு ஏதாவது ஒன்று கொண்டுவருவதாகச் சொன்னார். ஒன்று, நீளமான புதுப் பேடில்போர்டு. இல்லையென்றால் பாராவிங், கையில் பிடிக்கிற குட்டிப் பாராசூட் மாதிரியானது. காற்றில் அது இழுக்க, நாம் எழும்பிவிடலாம். எழும்பியதும் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டியதுதான். இழுப்பை இடுப்பு பெல்ட் வாங்கிக்கொள்ளும், தோளுக்கு வேலை குறைவு.

"காத்து நின்னுட்டா? துணிய வச்சு எப்படிளா கரை சேருவ?" என்றார் இவர். துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கிற டக் போட்டில் இன்ஜின் பார்க்கிற மனிதர். எதற்கும் ஒரு ஸ்பேர் இல்லாவிட்டால் தூக்கம் வராது.

"துடுப்பே போட முடியாதவளுக்குப் பலகை எதுக்கு? வத்தல் காயப்போடவா?" என்றேன். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. பாராவிங் வராவிட்டால் இனி எனக்குக் கடலே இல்லை என்பது அவருக்கு ஏன் உறைக்கவில்லை என்று ஆத்திரம்.

கடைசியில் திருச்செந்தூரில் தங்கியிருந்த நண்பரிடம் பாராவிங்கையும் பலகையையும் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிவந்தவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் காயல்பட்டினத்தில் கடலில் இறங்கினோம், நான் பாராவிங்கோடு, அவர் தன் பலகையும் துடுப்புமாக. தெற்குக் காற்று அள்ளிக்கொண்டு போனது. பலகை எழும்பியதும் நான் கத்திய கத்தலில் அவருக்கே சிரிப்பு. புன்னக்காயலில் கரையேறுவதாகத் திட்டம்.

பாதி வழியில் மேகம் மூடியது. காற்று பட்டென்று நின்றுவிட்டது. நனைந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு பலகையில் உட்கார்ந்து, ஏதாவது வள்ளம் வருகிறதா என்று பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் புத்தியில் பட்டது, ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரைகளில் யாரும் மீன்பிடித் தொழிலுக்கு இறங்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. பூசைக்குப் போன கையோடு கடலுக்கு வந்த இரண்டு பேருக்கும் அது நினைவில்லை. போன்கள் இரண்டும் காரில் பத்திரமாக இருந்தன.

"நீங்க துடுப்புப் போட்டுப் போயி யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"உன்ன இங்கன விட்டுட்டா? சும்மா இருளா."

என் பலகையின் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, முட்டி போட்டுத் துடுப்புப் போட ஆரம்பித்தார். கரை நகரவே இல்லை போலிருந்தது. நான் இடது கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வந்தேன், அவர் முதுகு படுகிற பாட்டைப் பார்க்கப் பயமாக இருந்தது. கரையேறுகையில் மேகம் விலகி வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அவர் உள்ளங்கைகள் இரண்டும் கொப்பளித்திருந்தன. இனி நான் பேச என்ன இருக்கிறது? பலகையே வரட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

சாயங்காலம் நாத்தனார் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "பாராவிங்கயே கொண்டு வாக்கா" என்றார் இவர்.

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "இவ்வளவு பட்டும் புத்தி வரலையா உங்களுக்கு?"

கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். "எட்டு மாசம் ஒத்தையில போயிப் பாத்தாச்சுளா. நல்லாவே இல்ல. காத்து நின்னா நான் இழுத்துட்டு வாரேன்."