கரிசலில் ஒரு கேபர்நெட் கொடி

ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பொதியை மார்போடு அணைத்தபடி அத்தான் பேருந்திலிருந்து இறங்கியதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. என் அக்காவின் கணவர் அவர். நாசிக்கில் ஒயின் திராட்சைத் தோட்டங்களில் இருபது வருடம் வேலை பார்த்தவர், இதயம் பலவீனமாகி எங்கள் ஊரான எப்போதும்வென்றானுக்குத் திரும்பியிருந்தார். அத்தனை காலமும் அக்கா ஊரிலேயே இருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் மனிதராகவே அவரை அறிந்திருந்தாள். சாக்குக்குள் இருந்தவை திராட்சை ஒட்டுக்கன்றுகள். உளுந்தும் பருத்தியும் விளைகிற கரிசலில், கிணற்றோரத்து மேட்டில் அவற்றை நட்டார். “எவன் எவன் மண்ணுலயோ வளத்தாச்சு மாப்ள. நம்ம மண்ணுல ஒரு தடவ பாத்துரணும்” என்றார். காய்க்க மூன்று வருடம் ஆகும். அதுவரை அவர் இருப்பாரா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

கேபர்நெட் என்ற அந்த ரகம் தின்பதற்கானதல்ல. பழம் சிறியது, தோல் தடித்தது, விதை பெரியது. தோலின் தடிப்பால் மழையில் எளிதில் வெடிக்காது, அழுகாது. ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. கரிசலோ குடித்த தண்ணீரை லேசில் விடாது. இரண்டாம் வருட ஐப்பசி அடைமழையில் அத்தான் வடிகால் வெட்டக் கிளம்பிவிட்டார். “இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு இது என்னத்துக்கு? நான் வேணுமா, இந்தக் கொடி வேணுமா?” என்று அக்கா வரப்பில் நின்று கத்தினாள். அவர் மண்வெட்டியோடு சேற்றில் இறங்கினார். மண்வெட்டியைப் பிடுங்கி நான்தான் வெட்டினேன். பாதிக் கொடிகள் பட்டுப்போயின.

மீதிக் கொடிகள் மறுவருடம் காய்த்தன. மார்கழியில் ஒரு பச்சைக் காயை நசுக்கி அக்காவின் மூக்கருகே நீட்டினார். “கொடமிளகா வாசன வருதா? இது போகுத வரைக்கும் கை வைக்காத. இது மெதுவாத்தான் பழுக்கும்.” அந்த வாரமே இறந்துபோனார்.

காரியம் முடிந்ததும், கொடிகளைப் பிடுங்கிவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விடச் சொன்னார்கள் உறவினர்கள். அக்கா சம்மதிக்கவில்லை. காலையில் போய் ஒரு காயை நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு வருவாள். பங்குனியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். பச்சை வாடை போய், நாவல்பழம் போல் மணந்தது.

ஒன்றை வாயில் போட்டேன். இனித்த மறுகணமே நாக்கையும் ஈறையும் துவர்ப்பு இழுத்துப் பிடித்தது. துப்பிவிட்டேன். அக்கா துப்பவில்லை. தோலை மென்று, விதையைக் கடித்து, நின்றபடியே ஒரு கொத்து முழுவதையும் தின்றாள். உதடெல்லாம் கறுத்துவிட்டது.

“இருவது வருசமும் அவிய இதுகூடத்தான் இருந்தாவளா?” என்றாள்.