ஆறாவது பூட்டு

வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பலகையை நட்டுவிட்டால் அந்தப் பாதையில் வண்டியே வராது என்று நீங்கள் நம்புவீர்களா? நம்புவீர்கள் என்றால், அப்படி நம்பச் சொன்ன ஓர் அலுவலகம் ஒரு பெண்ணின் பிழைப்பில் எப்படி மண்ணைப் போடப் பார்த்தது என்பதைக் கேளுங்கள்.

அவரைச் சரளையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் தொடங்கி, முழங்கால் உயரப் புதர்கள் மண்டிய வெட்டவெளியைக் கடந்து, மூன்று குன்றுகள் ஏறி இறங்கி, காட்டுக்குள் புகுந்து, நீர்த்தேக்கக் கரையில் முடியும் சரளைப் பாதை அது. முப்பத்தொரு கிலோமீட்டர். சைக்கிளில் போகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் மட்டும். பதினோரு வருடமாக அதைப் பராமரிப்பது சரளையக்காவின் வேலை. தடித்த டயர் போட்ட சைக்கிளின் பின்னால் பல்வைத்த இரும்பு வாரியையும் மண்வெட்டியையும் கட்டிக்கொண்டு வாரம் இருமுறை முழுப் பாதையும் போய் வருவார். மழை அரித்த இடத்தில் கல் நிரப்புவார், சாய்ந்த கிளையை வெட்டுவார், தடம் விழுந்த இடத்தை வாரிச் சமன் செய்வார். எந்தத் திருப்பத்தில் சரளை உருளும், எந்த இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒரு வியாழக்கிழமை காலை, இரண்டாவது குன்றின் இறக்கத்தில் தபால் நிலைய எழுத்தரான ஒரு பெண்மணி சைக்கிளோடு விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மதியம் செய்தி தெரிந்ததும் சரளையக்கா ஓடினார். எழுத்தரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கலைந்து கிடந்த சரளைதான் மிச்சம். இன்னொருவர் விழுந்துவிடக் கூடாதே என்று, பொழுது சாய்வதற்குள் அந்த இடம் முழுவதையும் வாரிச் சமன் செய்துவிட்டு வீடு திரும்பினார்.

மறுநாள் மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். "சரளை இறுகாமல் தளர்வாக இருந்தது. பராமரிப்பாளரின் கவனக்குறைவே காரணம்" என்று அறிக்கை எழுதினார். வாரிச் சமன் செய்த மறுநாள் சரளை தளர்வாகத்தான் இருக்கும். அது அவருக்குத் தெரியாதா? மூன்று வாரத்தில் விசாரணை, ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்கு அன்று பதில் சொல்ல வேண்டும் என்று, அந்த அறிக்கையின் நகலோடு கடிதம் வந்தது.

சரளையக்கா முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான். செவ்வாய்க்கிழமை அந்த இறக்கத்தில் அவசரப்பட்டோமா? இரண்டு இரவு அதையே புரட்டிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். காலில் எடை கட்டிப் படுத்திருந்தார் எழுத்தர்.

"கோவிச்சுக்காதீங்க மேடம், கேக்கணும். வேகமா வந்தீங்களா?"

"நானா? என் வேகத்தப் பாத்து நடந்து போறவங்களே கைகாட்டிட்டு முந்திப் போவாங்க."

"அப்புறம் எப்படி?"

"பின்னாடி லாரி உறுமுச்சு. ஒதுங்கினேன். ஓரத்துல சக்கரம் வழுக்கிருச்சு. அது நிக்கவே இல்லக்கா. சொன்னா, மருந்து மயக்கத்துல உளர்றேன்னு உங்க சார் எழுதிட்டுப் போயிட்டாரு."

சந்தேகம் கெட்ட குணம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போதே சரளையக்காவுக்கு உறைத்தது. நாலைந்து மாதமாகவே, அரசுத் துறை வண்டிகள் மட்டும் நுழைவதற்காக வைத்த மேட்டுக் கதவிலிருந்து இரண்டாவது குன்றைத் தாண்டிக் காட்டோரம் வரை இரண்டு அகலத் தடங்கள் விழுந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஜோடி ஜோடியாக ஓட்டிய தடம் என்று நினைத்து வாரம் தவறாமல் அழித்துக்கொண்டிருந்தார். விபத்தன்று மாலையும் அதே தடங்கள் இருந்தன. அன்றும் அழித்தார். திருடனின் காலடியை வீட்டுக்காரியே பெருக்கித் தள்ளிய கதை. பதினோரு வருட ஒழுங்கு அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

அடுத்த வாரம் தடம் மறுபடி விழுந்தது. இந்தமுறை வாரியைச் சைக்கிளிலிருந்து அவிழ்க்கவில்லை. குனிந்து பார்த்தார். பக்கத்துக்கு இரண்டாக, ஒட்டி ஒட்டி நாலு டயர்கள். நடுவே ஈரம் காயாத மரப்பட்டைத் துணுக்குகள். அளந்து எழுதிக்கொண்டார்.

மேட்டுக் கதவுக்கு ஐந்து துறைகளிடம் சாவி இருந்தது: வனம், குடிநீர், மின்சாரம், தீயணைப்பு, பாதை அலுவலகம். குடிநீர்த் துறையின் சாவி யாரிடம்? அவருடைய சொந்த அண்ணனிடம். அண்ணன் ஓட்டுவது என்ன? குழாய் ஏற்றும் லாரி.

கூடப் பிறந்தவன் என்பதற்காகக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியுமா? ஞாயிறு காலை அண்ணன் வீட்டு வாசலில் நின்ற லாரியின் பின்னால் டேப்போடு உட்கார்ந்திருந்தபோது, குப்பை கொட்ட வந்த அண்ணி பார்த்துவிட்டார்.

"என்ன நாத்தனாரே, லாரிக்கு ரவிக்கை தைக்கப் போறீங்களா?"

சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தார். தங்கை கையிலிருந்த டேப்பையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் மேலயே சந்தேகமா?"

"உன் மேலதான் மொதல்ல. சாவி உன்கிட்டதானே இருக்கு."

"அளந்தாச்சா?"

"அளந்தாச்சு. உன் லாரிக்குப் பின்னாடி பக்கத்துக்கு ஒரு டயர்தான். நீ இல்ல."

"டயர் காப்பாத்துச்சு, தங்கச்சி காப்பாத்தல," என்றார் அண்ணன். அவர் சிரிக்கவில்லை. காபியும் குடிக்கவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை சாவியோடு மேட்டுக் கதவுக்கு வந்து நின்றார்.

அந்தக் கதவின் பூட்டு முறையைச் சொல்ல வேண்டும். சங்கிலியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒவ்வொரு துறையின் பூட்டும் ஒன்றோடொன்று கோத்து மாலை மாதிரித் தொங்கும். எந்த ஒரு பூட்டைத் திறந்தாலும் கதவு திறக்கும். யாரும் அடுத்தவர் சாவியைக் கேட்க வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு குறை, யாரும் மாலையை எண்ணுவதில்லை. அவரவர் பூட்டு மட்டுமே அவரவர் கண்ணுக்குத் தெரியும்.

"எண்ணுண்ணே," என்றார் சரளையக்கா.

"ஒண்ணு வனம். ரெண்டு கரண்டு. மூணு எங்களது. நாலு..." அண்ணன் நிறுத்தினார். "இந்தப் பித்தளைப் பூட்டு உங்களுதுதானே?"

"எங்களுது அதுக்கு அடுத்தது. இத உங்களுதுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

ஆறு பூட்டுகள் இருந்தன. ஐந்து துறைகளும், அது மற்றவருடையது என்று நினைத்தே மாதக்கணக்காக அதைத் தொட்டுத் தள்ளிவிட்டுத் திறந்திருக்கிறார்கள்.

சரளையக்கா தன் பூட்டைத் திறந்தார். அண்ணன் தன்னுடையதைத் திறந்தார். நடுவிலிருந்த பித்தளைப் பூட்டு கையோடு கழன்று வந்தது. அதைக் கதவின் ஓர ஆணியில் மாட்டிவிட்டு, மற்ற ஐந்தையும் கோத்துப் பூட்டினார்கள். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிறு காலை போய்ப் பார்த்தபோது கதவுக்கு வெளியே மண்ணில், பின்பக்கம் இரட்டைச் சக்கரம் போட்ட ஒரு லாரி வந்து, நின்று, திணறித் திரும்பிப் போன தடம் இருந்தது.

திங்கள் காலை ஒன்பதரைக்கு மேற்பார்வையாளர் கூப்பிட்டார். தட்டச்சரும் அறையில் இருந்தார்.

"ஏம்மா, மேட்டுக் கதவுல கை வச்சது நீயா?"

"எதச் சொல்றீங்க சார்?"

"தெரியாத மாதிரி பேசாத. பித்தளைப் பூட்டு. சங்கிலியிலிருந்து எடுத்து ஆணியில மாட்டியிருக்கு."

"நீங்க போய்ப் பாத்தீங்களா சார்?"

"யார் பாத்தா என்ன? கேட்டதுக்குப் பதில் சொல்லு."

சரளையக்கா குரலை உயர்த்தவில்லை. "விசாரணை நடந்துட்டிருக்கு சார். வாயால சொன்னா நாளைக்கு மாத்திச் சொன்னேன்னு ஆயிடும். எழுத்துல கேளுங்க, எழுத்துல பதில் தர்றேன்."

பதினெட்டு வருடமாக, தும்மினால் மெமோ, இருமினால் மெமோ என்று பழகிய மேற்பார்வையாளரின் கை அது. அங்கேயே தட்டச்சரிடம் சொல்லி எழுத வைத்தார்: 'மேட்டுக் கதவுச் சங்கிலியிலிருந்த ஆறாவது பூட்டை அனுமதியின்றி அகற்றியதற்கு விளக்கம் தருக.' கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. நகலை நீட்டும்போது தட்டச்சர் சரளையக்காவை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த அறையில் புரியாமல் இருந்தவர் ஒருவர்தான்.

விசாரணை நாளன்று மூன்று அதிகாரிகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். விபத்தன்று மாலை அந்த இடத்தை வாரினீர்களா என்று முதல் கேள்வி.

"வாரினேன். தடத்தையும் அழிச்சிட்டேன். தப்புதான்," என்றார் சரளையக்கா. "ஆனா சார் அறிக்கைல, கதவுல அஞ்சு பூட்டுதான், அஞ்சும் துறைப் பூட்டு, வெளியாள் வண்டி வர வழியே இல்லன்னு எழுதியிருக்காங்க. இந்த மெமோலயும் அவங்க கையெழுத்துதான். இதுல ஆறாவது பூட்டுன்னு இருக்கு. எந்த சார் சொல்றது நெசம்னு கேட்டுச் சொன்னீங்கன்னா, நான் என் வேலையைப் பாக்கப் போயிடுவேன்."

இரண்டு தாள்களும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டன. நடுவில் இருந்த அதிகாரி இரண்டையும் இருமுறை படித்தார். மேற்பார்வையாளர் தண்ணீர் கேட்டார்.

சரளையக்காவின் வேலை பிழைத்தது. 'கவனக்குறைவு' என்ற வரியை அடித்துவிட்டார்கள். மேற்பார்வையாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கேயும் கதவுகள் இருக்கின்றன, அங்கேயும் சாவிகள் அவர் கையில்தான். காட்டு மரம் ஏற்றிய லாரி யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ஊன்றுகோலோடு தபால் நிலையம் போய்வரும் எழுத்தரின் கோப்பில் இன்றும் 'காரணம் தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது. லாரி வந்தது என்று எழுதச் சொல்லி அவரும் சரளையக்காவும் நான்கு மனுக்கள் போட்டுவிட்டார்கள்.

ஐந்தாவது மனுவில் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊரிலும் மக்களுக்கென்று விட்ட ஒரு பாதைக்கோ குளக்கரைக்கோ ஒரு கதவு இருக்கும். அதன் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று நாளைக்கே போய் எழுதிக் கேளுங்கள். வாயால் சொல்லும் பதிலை வாங்காதீர்கள். கையெழுத்தும் தேதியும் போட்டு வாங்குங்கள்.